மூணு தொட்டித் துணி

கோயமுத்தூர்க்காரர்களிடம் காசு இருக்கும், ரசனை இருக்காது என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓவியம், சிற்பம் என்று புழங்குகிறவர்கள் மத்தியில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. படத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே விலையைக் கேட்பார்கள், விலையைக் கேட்டதும் சோபாவுக்கு மேலே பொருந்துமா என்று கையை விரித்து அளப்பார்கள் என்று சிரிப்பார்கள். எனக்கும் இதில் பாதி சம்மதம்தான். புது வீடு கட்டியவர்கள் இன்டீரியர்காரரிடம் மொத்தத்தையும் விட்டுவிட, அவர் கதவின் நிறத்துக்குத் தோதாக எதையோ கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போன கூடங்களில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். ஆனால் மீதிப் பாதி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. காசைப் பற்றிக் கேட்பது அப்படி என்ன பாவம்? சென்னைக்குப் பக்கத்தில் ஓவியர்கள் கூடி அமைத்த கிராமமான சோழமண்டலத்தின் கூட்டுக் கண்காட்சி ஒன்று ரேஸ் கோர்ஸ் பக்கம் ஓர் அரங்கில் நடந்தபோது என் மாமா கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, அந்த அரிப்பு எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இடையே பெரிய வழக்காகவே ஆகிவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சென்னிமலைக்காரர். மீசை முளைக்கும் முன்பே, போர்வைக்கு நூல் சிட்டம் சாயம் போடும் பட்டறையில் கூலிக்கு நின்று தொழில் படித்தவர். பிறகு திருப்பூரில் கூட்டாளிகளோடு சொந்தச் சாயப்பட்டறை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவருடையதும் மூடியது. சுத்திகரிப்பைச் சரிபண்ணிக்கொண்டு மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திறந்தார்கள், இவர் திறக்கவில்லை. சாயக் கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். முழங்கால் காட்ட கோயமுத்தூர் வந்திருந்தார். டாக்டர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். அந்த இடைவெளியில் கூட்டிப் போனேன். "ஏசி இருக்குமா கண்ணு? உக்கார எடம் இருக்குமா?" இவ்வளவுதான் கேட்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த என் நண்பர் உள்ளே காத்திருந்தார். ஓவியர், அடிக்கடி எழுதவும் செய்கிறவர், நல்ல மனிதர். மூத்தவர்கள் ஒரு பக்கம், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மறுபக்கம், நடுவில் உலோக வேலைகள் என்று மாட்டியிருந்தார்கள். கூட்டுக் கண்காட்சியில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. ஒருவர் படத்தை மட்டும் தனியாகப் பார்க்கும்போது தெரியாத கைமாற்றுகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பளிச்சென்று தெரிந்துவிடும். சோழமண்டலத்தைத் தொடங்கி வைத்த ஓவியர் பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையின் நிழல் அந்தச் சுவர்களில் எத்தனை படங்கள் மேல் விழுந்திருந்தது! படிக்க முடியாத எழுத்து, கட்டம், சின்னச் சின்னச் சக்கரம், ஓரத்தில் ஒரு பாம்பு. பணிக்கரிடம் அது ஒரு தேடல். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததுதான் பொறி என்று சொல்வார்கள். பின்னால் வந்த சிலரிடம் அது வெறும் கைப்பழக்கம். மாமா அப்படி ஒரு படத்தின் முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். "நம்ம ஷேடு நோட்டாட்டவே இருக்குது" என்றார். சாயப்பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை கிராம் எது என்று குறித்து, பக்கத்தில் துணித் துண்டை ஒட்டி வைத்திருப்பார்களே, அந்த நோட்டு. நண்பர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்தப் படத்தைப் பற்றி அரங்கில் ஒட்டியிருந்த அட்டை சொன்னதைவிட இது அதற்குக் கிட்டே இருந்தது.

செம்புத் தகட்டில் செய்த ஒரு முகத்தின் முன்னால்தான் முதல் தகராறு. தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டி முன்னால் புடைக்க வைத்த வேலை. மூக்கு ஒரே மடிப்பு, கண்ணைச் சுற்றி உளித் தடம் நெருக்கமாக, கன்னத்தில் பற்றவைத்த இடத்தில் லேசான நீலம். மாமா கழுத்தை வளைத்து, சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்தார். அங்கே நின்ற பையன் பதறி ஓடிவந்தான். "தொடலீங்க தம்பி, பொறத்தால எப்பிடி இருக்குதுன்னு பாத்தேன்" என்றார். அதோடு விடாமல், "இது என்ன வெலைங்க?" என்றும் கேட்டுவிட்டார். பையன் சொன்னான். "சதுர அடிக்கு என்ன வருதுங்க?" நண்பரின் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது.

கடல் எங்கே?

சதுர அடி கேள்வி அபத்தம்தான், அதை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் மாமாவின் அடுத்த கேள்வி அபத்தம் இல்லை. இவங்க எல்லாம் இருக்கறது எங்கே என்றார். ஈஞ்சம்பாக்கம், மகாபலிபுரம் போகிற வழி, கடற்கரை என்றேன். ஒரு சுற்று மெதுவாக நடந்து வந்தார். "கடலோரமே இருந்துட்டு ஒருத்தருமு கடல வரையலியே?"

உண்மைதான். அந்த அரங்கில் தெய்வங்கள் இருந்தார்கள், காளை இருந்தது, பெண்கள், யந்திரங்கள், வெறும் நிறப் பட்டைகள் எல்லாம் இருந்தன. ஓர் அலை இல்லை, ஒரு கட்டுமரம் இல்லை. கடற்கரை ஓவியர் கிராமம் என்றதும் கொங்கு நாட்டில் நமக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. கடலையே வருஷத்துக்கு ஒரு தரம் திருச்செந்தூரிலோ ராமேஸ்வரத்திலோ பார்க்கிறவர்கள் நாம். கடல், காற்று, சவுக்குத் தோப்பு, அதனால் கலை என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். பத்திரிகைகளில் அந்த ஊரைப் பற்றி வருகிற எழுத்தும் பெரும்பாலும் இந்த முடிச்சைத்தான் போடுகிறது. நண்பர் இதற்கு நீளமாக ஒரு விளக்கம் தொடங்கினார். வெளியே பார்ப்பது, உள்ளே பார்ப்பது என்று. மாமா பாதியிலேயே, "சாயப்பட்டற வெச்சிருந்தவன் ஊட்டுச் செவுத்துக்கு வெள்ளதானுங்க அடிப்பான்" என்று சொல்லிவிட்டு நாற்காலி தேடப் போய்விட்டார்.

1966-ல் தொடங்கிய அந்தக் கிராமத்துக்கு அங்கே நிலம் வாங்கியதற்குக் காரணம் கடல் அழகு என்பதைவிட, ஊருக்கு வெளியே மணல்காடாகக் கிடந்த இடம் இவர்கள் கைக்கு எட்டியதுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்கு ஈசிஆர் விலை தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

மாடிப்படி ஓரம்

நாற்காலி கிடந்தது மாடிப்படிக்கு அடியில். அதற்கு நேர் எதிரே, வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய துணி தொங்கியது. பாத்திக், அதாவது மெழுகால் மறைத்து மறைத்துச் சாயம் ஏற்றிய துணி. இரண்டு முழம் இருக்கும். ஒரு குதிரையும் அதன் மேல் ஆளும், சுற்றிலும் கொடி. மற்ற படங்களுக்கெல்லாம் பெயர், ஆண்டு, அளவு, விலை. இதற்கு 'சோழமண்டலம் பாத்திக், விற்பனைக்கு அல்ல' என்ற ஒற்றை வரி. போட்டவர் பெயர் கிடையாது. நண்பரும் நானும் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருந்தோம்.

மாமா கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளிக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலி எங்கே போனதோ. "இது மூணு தொட்டி கண்ணு" என்றார். எப்படி என்றேன். இங்கே பாரு என்று குதிரையின் கழுத்தைக் காட்டினார். குதிரை வெள்ளை. அங்கே சாயமே படக்கூடாது என்று முதலிலேயே மெழுகு வைத்துவிட்டார்கள். பிறகு மொத்தத் துணியும் மஞ்சளில் இறங்கியிருக்கிறது. ஆளின் அங்கவஸ்திரம் மஞ்சளாக நிற்க வேண்டும், ஆகவே காய்ந்ததும் அதன் மேல் மெழுகு. அடுத்து சிவப்பு. கொடிகளில் எது சிவப்பாக நிற்க வேண்டுமோ அதை மூடிவிட்டு, கடைசியில் கருநீலம். எப்போதும் வெளிறியதிலிருந்து இருட்டுக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியே இல்லை. இதில் வரைகிறவன் எதை வரையப் போகிறான் என்பதைவிட எதை மறைக்கப் போகிறான் என்றுதான் முதலில் முடிவு பண்ண வேண்டும். மெழுகு இருப்பதால் கொதிக்கிற தண்ணீர் ஆகாது. பச்சைத் தண்ணியிலேயே ஏறுகிற சாயமாக இருக்க வேண்டும். "அந்தக் காலத்துல நாப்தாலாத்தான் இருக்கோணும்."

நாப்தால் என்பது நூலிலேயே நிறம் பிறக்கிற ஒரு வகைச் சாயம். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத் தெரியும், அவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. முதல் தொட்டியில் முக்கி எடுத்தால் நூலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, லேசாக மஞ்சள் பூத்த மாதிரி இருக்கும். பிழிந்து, 'சால்ட்' என்கிற நிறம் எழுப்பும் மருந்தைக் கரைத்த இரண்டாவது தொட்டியில் வைத்ததும், கண்ணெதிரே குபீரென்று சிவப்பு பாயும். பட்டறையில் பொடியனாக நின்ற நாட்களில் அதைப் பார்க்கவே மற்ற வேலையை விட்டுவிட்டு ஓடுவாராம். நகக்கண்ணில் ஏறிய சாயம் பொங்கலுக்குப் பொங்கல்கூடப் போகாது என்றார். பின்னாளில், நாப்தாலும் சேர்ந்த அசோ என்னும் சாயக் குடும்பத்தில் ஒரு பகுதியை ஜெர்மன்காரர்கள் 1994-ல் தடைசெய்ததும், எக்ஸ்போர்ட் ஊரெல்லாம் 'அசோ ஃப்ரீ' என்று அலறியதும் தனிக் கதை. அந்தக் கதைக்கும் அவர் போய்விட்டுத்தான் திரும்பினார்.

பிறகு இன்னொன்றைக் காட்டினார். மெல்லிய கோடுகளாக, நரம்பு ஓடுவதுபோல, சிவப்பின் உள்ளே கருநீலம் கசிந்திருந்தது. மெழுகு விரிசல். பாத்திக் என்றாலே எல்லோரும் ரசிப்பது அந்த விரிசலைத்தான். மாமா அதை ரசிக்கவில்லை, படித்தார். இடது பக்கம் விரிசல் நீளமாக, சீராக. வலது பக்கம் கச்சாமுச்சா. "ரெண்டு பேரு புடிச்சு எறக்கியிருக்காங்க. இந்தப் பக்கம் புடிச்சவரு பழகின கை. அந்தப் பக்கம் புதுசு. கசக்கிப்புட்டாரு."

படம் போட்டவர் பெயரே எழுதாத ஒரு துணியில் இரண்டு ஆட்கள் இருப்பதை இவர் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு அந்த அரங்கில் நடந்த ஒரே கலை விமர்சனம் அதுதான் என்று நண்பரிடமே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் இது கைவினை, அது ஓவியம், இரண்டையும் குழப்பாதே என்றார்.

பங்கு

குழப்பியது நான் இல்லை, பணிக்கர். கே.சி.எஸ். பணிக்கர் 1957-லிருந்து 1967 வரை சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். வருஷா வருஷம் கெட்டிக்காரப் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியே போனார்கள். போய்? அன்றைக்கு மெட்ராஸில் ஓவியம் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிர்ஷ்டம் இருந்தவர்களுக்கு நெசவாளர் சேவை மையத்தில் டிசைனர் வேலை கிடைத்தது. ரெட்டப்ப நாயுடு மாதிரிப் பெரிய கையே அங்கே வேலை பார்த்தவர்தான். மற்றவர்கள் கிடைத்த உத்தியோகத்தில் உட்கார்ந்து தூரிகையை மறந்தார்கள். பணிக்கருக்கு இது புத்தகத்தில் படித்த கஷ்டம் இல்லை. குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்து, இருபத்தைந்து வயது வாக்கில்தான் ஓவியப் பள்ளிக்குள் நுழைந்தவர் அவர்.

அவர் கண்ட வழி பாத்திக்கும் மற்றக் கைவேலைகளும். கைவினைக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஓவியர்களே துணியில் மெழுகு வைத்தார்கள், தோலில் வேலை செய்தார்கள், உலோகம் தட்டினார்கள். கண்காட்சி வைத்தார்கள், விற்றது. அந்தப் பணத்தில் வாங்கியதுதான் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர். அரசாங்கம் கொடுத்த மானியமும் இல்லை, ராஜா கொடுத்த மானியமும் இல்லை. நாளின் ஒரு பகுதி கைவேலைக்கு, அது சோறு போடும். மீதி நேரத்தில் வரைகிற படம் யாருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. பணிக்கர், சுல்தான் அலி, ஜானகிராம், சேனாதிபதி, கோபிநாத், வாசுதேவ், ஹரிதாசன், விஸ்வநாதன் என்று அங்கே கூடியவர்கள் விதவிதமாக வரைய முடிந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்பது என் துணிபு. விற்க வேண்டிய பொருள் வேறாக இருந்ததால் படம் தப்பித்தது.

இதை மாமாவுக்குச் சொன்னேன், இன்னும் சுருக்கமாக. அவர் பாத்திக்கைப் பார்த்தபடியே கேட்டார்: "வித்த காச எப்பிடிப் பிரிச்சாங்க?"

கலை பற்றி இத்தனை வருஷம் படித்ததில், இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருவர் போட்ட துணி பத்து விற்கும், இன்னொருவருடையது ஒன்றுகூடப் போகாது. ஒருவருக்குக் கைவேலை ஓடும், இன்னொருவருக்கு அதில் மனசே இருக்காது. எல்லோரும் சேர்ந்து நிலம் வாங்குவது எப்படி? பொதுவாக ஒரு பங்கை ஒதுக்கி, சங்கத்தின் பேரில் சேர்த்து, ஆளுக்கொரு மனை, அதில் அவரவர் வீடு, நடுவில் பொதுவான காட்சிக்கூடம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மாமா திருப்பூரில் கூட்டாளிகளோடு தொழில் செய்தவர். அந்தக் கூட்டாளிகளில் ஒருவரோடு இன்றைக்கும் நல்லது கெட்டதுக்குக்கூடப் பேச்சு இல்லை. "பத்து ஏக்கர். ஈசிஆர். இத்தன பேரு. இன்னும் ஒண்ணா வெச்சிருக்காங்களா?" சண்டை சச்சரவு இல்லாமல் இருந்திருக்காது, ஆனால் இடம் இருக்கிறது, 2009-ல் மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்று ஒரு மியூசியமே அங்கே திறந்தார்கள் என்றேன். "அப்ப அதுதானப்பா பெரிய வேல" என்றார். அந்த 'அப்பா' நண்பருக்கு.

சுவரில் இருந்த அட்டை இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பணிக்கரின் வாழ்க்கைக் குறிப்பு 1944-ல் அவர் தொடங்கிய ப்ராகிரசிவ் பெயின்டர்ஸ் அசோசியேஷனிலிருந்து ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஒரு வரி போட்டிருக்கலாம். அவர் 1911-ல் பிறந்தது இதே கோயமுத்தூரில். குடும்பம் மலையாளக் குடும்பம், வளர்ந்ததும் பெரும்பாலும் அந்தப் பக்கம், அதனால் நம் மண்ணின் மைந்தர் என்று கொடி பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் வைக்கிற கண்காட்சியில் இந்த ஊர் பெயரை விட்டுவிடுவது என்ன கணக்கு? ரசனை இல்லாத ஊர் என்று சொல்லப்படுகிற இதே ஊரில்தான், 'சிட்ரா' என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த கஸ்தூரி சீனிவாசன் அவினாசி ரோட்டில் ஓவியக் கூடத்தையும் துணி மியூசியத்தையும் ஒரே கட்டிடத்தில் வைத்தார். நூலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே புதிதில்லை.

மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போய், பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகும் நண்பரோடு வழக்கு போனில் தொடர்ந்தது. "நீ பணிக்கரைத் திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் ஆக்கிட்ட" என்றார். பிறகு கொஞ்சம் கனமாக ஒன்று கேட்டார்: அந்த ஏற்பாடு ராமானுஜத்தைக் காப்பாற்றியதா? இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. கே. ராமானுஜம் சோழமண்டலத்தில் வாழ்ந்தவர். கறுப்பு மையில் நுணுக்கி நுணுக்கி, மாளிகைகளும் பாம்புகளும் தேவதைகளுமாக, நடுவில் தொப்பி போட்ட தன்னையும் வைத்து வரைந்தவர். முப்பதுகளின் தொடக்கத்திலேயே, 1973-ல், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கூட்டாக வாங்கிய நிலமும் பாத்திக் காசும் அவருக்குள் இருந்த தனிமைக்கு மருந்தாகவில்லை. இல்லை, காப்பாற்றவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் உலகத்தோடு ஒட்டாத ஒரு மனிதனுக்கு, அத்தனை நாள் உட்கார்ந்து வரைய ஒரு கூரை அங்கே இருந்தது. அன்றைய மெட்ராஸில் வேறெங்கே இருந்திருக்கும் என்று திருப்பிக் கேட்டேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் அந்தப் பதிலோடு முழுசாக ஒத்துப்போகவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் ஓர் இடத்தில் மட்டும் இறங்கி வந்தார். அடுத்த முறை அந்தத் துணியை முன் சுவரில், வெளிச்சத்தில் மாட்டச் சொல்லிப் பேசுகிறேன் என்றார். போட்டது யார் என்று ஈஞ்சம்பாக்கத்தில் விசாரித்து அட்டையில் எழுத வேண்டும் என்றேன், இரண்டு பேர் பெயரையும். சரி, விலையும் எழுதச் சொல்வாயா என்று சீண்டினார். இதை மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையிலேயே போன். அதே மாதிரி ஒன்று இன்றைக்குப் போட்டால் எத்தனைக்கு விற்கலாம் என்று ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டாராம். துணி, மூன்று தொட்டிக்குச் சாயம், இரண்டு ஆள் கூலி, வெந்நீரில் மெழுகு எடுக்க விறகு, வரைந்தவருக்குத் தனியாக. எல்லாம் வந்துவிட்டது, ஒரே இடத்தில் நிற்கிறது: "தேன்மெழுகு கலந்துதான் வெச்சிருப்பாங்க, இல்லீனா இன்னும் கண்டபடி வெடிச்சிருக்கும். இப்ப கிலோ என்ன வெலைன்னு உக்கடத்துல விசாரிச்சுச் சொல்லு கண்ணு."